ரெக்ரூட்டின் ஒரு நாள்: அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது?

ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் நாள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். ஓட்டம், உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு, பரேட், வகுப்பு, மதியச் சாப்பாடு, ஆயுதப் பயிற்சி, மாலையில் விளையாட்டோ துப்புரவு வேலையோ, இரவுச் சாப்பாடு, துணி துவைப்பது, பூட்ஸ் பாலிஷ், ரோல் கால். ஒன்பது பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். மறுநாளும் இதேதான். இதைச் சொல்லிவிட்டு, "ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்று முடித்துக்கொள்வது நம் வழக்கம். அது பாதிதான் சரி. அட்டவணையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அதில் பல வரிகள் யாரோ செத்துப்போனதால், கால் எலும்பு விரிசல் விட்டதால், ஒரு கூடமே காய்ச்சலில் விழுந்ததால் எழுதப்பட்டவை என்று தெரியும்.

முதலில் கையில் இருக்கும் காலத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் தரைப்படையில் அடிப்படைப் பயிற்சி 10 வாரம். அமெரிக்க மரைன் படையில் 13 வாரம். சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு வருகிறவர்களுக்கு வழக்கமான பயிற்சி 9 வாரம். இந்திய ராணுவத்தில் அடிப்படையையும் அதற்கு அடுத்த கட்டத்தையும் அந்தந்த ரெஜிமென்ட் சென்டரிலேயே சேர்த்து நடத்துவதால் ஆறு மாதம் அளவுக்கு நீளும். இந்த இடைவெளிக்குள், இரண்டு கிலோமீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குகிற ஓர் இளைஞர் முதுகில் சுமையோடு மைல் கணக்கில் நடக்க வேண்டும், குறி பார்த்துச் சுட வேண்டும், முதலுதவி செய்ய வேண்டும், வரைபடம் படிக்க வேண்டும், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்க வேண்டும். கற்றுக்கொள்ள மூளைக்கு இந்தக் காலம் போதும். இதயமும் நுரையீரலும்கூடச் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு மட்டும் அவசரம் தெரியாது. பயிற்சி மையங்களின் பாதித் தலைவலி இதில்தான் இருக்கிறது.

எழுந்ததும் வரும் அரை மணி நேரம்தான் வெளியாருக்கு ரொம்பவும் விசித்திரமாகப் படும். ஒரு கூடத்தில் ஐம்பது அறுபது பேர், முகம் கழுவக் குழாய்கள் சில. அதற்குள் எல்லோரும் ஷேவ் செய்து, கட்டிலைச் சரிசெய்து, சீருடை மாட்டி, வெளியே வரிசையில் நிற்க வேண்டும். படுக்கை விரிப்பின் மூலையை 45 டிகிரி கோணத்தில் மடித்துச் செருக வேண்டும்; போர்வையில் சுருக்கம் இருக்கக் கூடாது. முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டிலோடு தனியாகப் போராடுவார்கள், எல்லோருமே தாமதமாவார்கள். இரண்டாவது வாரத்தில் வேலையைப் பிரித்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள்: பாதிப் பேர் குழாயடியில் நிற்கும்போது மீதிப் பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இரண்டிரண்டு கட்டிலாக முடிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் சில கெட்டிக்காரர்கள் போர்வையைக் கலைக்காமல் அதன் மேலேயே படுத்துத் தூங்க ஆரம்பிப்பார்கள். இந்தத் தந்திரம் எல்லா ராணுவத்திலும் உண்டு, எல்லாப் பயிற்சியாளருக்கும் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்கள்தானே.

போர்க்களத்தில் யாரும் போர்வை மடிப்பைப் பார்க்கப்போவதில்லை. நேரத்தை வேண்டுமென்றே போதாமல் கொடுப்பதுதான் இங்கே பாடம். ஒருவர் பிந்தினால் அறுபது பேரும் வெளியே நின்று காத்திருப்பார்கள். பேசிப் புரியவைக்க முடியாததை அந்தக் காத்திருப்பு புரியவைத்துவிடுகிறது.

அடுத்து உடற்பயிற்சி. பழைய முறையில் முழுப் பிளட்டூனும், அதாவது ஒன்றாகப் பயிற்சி பெறும் முழுப் பிரிவும், ஒரே வரிசையில் ஒரே வேகத்தில் ஓடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேகமாக ஓடக்கூடியவருக்கு அதில் பயன் இல்லை, மெதுவாக ஓடுகிறவருக்குக் கால் போய்விடும். அதனால் இப்போது பல இடங்களில் திறனைப் பார்த்துக் குழு குழுவாகப் பிரித்து ஓடவிடுகிறார்கள்.

கால் போவது பழைய கதை. 1855-இல் பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான் அது பாத எலும்பில் விழும் மெல்லிய விரிசல் என்று தெரிந்தது. அடிபட்டு ஒடிவது வேறு. இது ஒரே சுமை திரும்பத் திரும்ப விழுவதால் வருவது. புதிய சுமை வந்ததும் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும். முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். நடுவில் சில வாரங்கள் அந்த எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். பயிற்சியைக் கடுமையாக்க எல்லோரும் ஆசைப்படுவதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

இதற்கு வந்த தீர்வுகள் எளிமையானவை, அதனாலேயே வரத் தாமதமானவை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் பெண் ரெக்ரூட்டுகளுக்கு இடுப்பெலும்பில் விரிசல் வருவது அதிகமாக இருந்தது. உயரமான ஆண்களின் காலடி நீளத்துக்கு ஈடுகொடுத்து நடக்கவேண்டியிருந்தது ஒரு முக்கியக் காரணம். அணிநடை வேகத்தைக் குறைத்து, அவரவர் காலடி அளவில் நடக்கவிட்டு, ஓட்டத்திலும் சில மாற்றங்கள் செய்ததும் அந்தக் காயம் பெருமளவு குறைந்தது. இஸ்ரேலில் காலாட்படைப் பயிற்சியில் இரண்டே மாற்றங்கள் பெரிய வித்தியாசத்தைக் காட்டின: மொத்தமாக நடக்கும் தூரத்தைக் குறைத்தது, இரவில் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. எலும்பு தன்னைக் கட்டிக்கொள்வதற்கு ஓய்வு தேவை என்பதை அட்டவணையில் எழுதிவைக்கவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறைய இருக்கும், வேகமாகச் சாப்பிட வேண்டும், பேசக் கூடாது. ஒல்லியாக வந்தவர் எடை கூடுவதும் குண்டாக வந்தவர் இளைப்பதும் ஒரே உணவுக்கூடத்தில்தான் நடக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் டிரில், அதாவது கட்டளைக்கு ஏற்ப எல்லோரும் ஒரே மாதிரி நின்று நடந்து திரும்பும் பயிற்சி. இதைப் போல நேரத்தை விழுங்கும் பாடமும் இல்லை, இதைப் போலக் கேலிக்கு ஆளாகும் பாடமும் இல்லை. இன்று எந்தப் படையும் வரிசையாக நின்று சுடுவதில்லை. ஆனால் இது தொடங்கியபோது அப்படித்தான் சுட்டார்கள். 1590-களில் நெதர்லாந்தில் நாஸௌ இளவரசர் மௌரிஸ் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சுடும் வேலையைப் பல தனித்தனி அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை வைத்தார். எரியும் திரியைக் கையில் வைத்துக்கொண்டு வெடிமருந்தைக் கொட்டும் நூறு பேர் நெருக்கமாக நிற்கும்போது, ஆளாளுக்கு ஒரு வரிசையில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1778-இல் வாலி ஃபோர்ஜ் முகாமில் வான் ஸ்டாய்பன் என்ற பிரஷ்ய அதிகாரி அமெரிக்கப் புரட்சிப் படைக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். நூறு பேர் அளவிலான ஒரு சிறு குழுவைத் தானே நேரில் பழக்கி, அவர்களைக் கொண்டு மற்றவர்களைப் பழக்கினார். இன்றைக்கும் பயிற்சி மையங்கள் அப்படித்தான் இயங்குகின்றன; அங்கே புதியவர்களோடு நாள் முழுக்க நிற்பவர்கள் உயரதிகாரிகள் அல்ல, ஹவில்தார், சார்ஜென்ட் நிலையில் உள்ளவர்கள்.

துப்பாக்கி மாறிய பிறகும் டிரில் ஏன் நிற்கவில்லை? பெருமை, பாரம்பரியம் எல்லாம் உண்டு. நடைமுறைக் காரணமும் உண்டு: அறுபது பேரை யாரும் தொலையாமல், சத்தமில்லாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக இதைவிட மலிவான வழி இல்லை. கட்டளை காதில் விழுந்ததும் உடல் அசைவது இங்கேதான் பழக்கமாகிறது. அதற்கு மொழிகூடப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சிங்கப்பூரில் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ யாராக இருந்தாலும் டிரில் கட்டளை மலாய் மொழியில்தான் வரும்; இந்தியாவில் இந்தியில் வரும். பிற பாடங்கள் புரியாமல் விழிக்கிறவருக்கும் "சாவ்தான்" (விறைப்பாக நில்) இரண்டே நாளில் காலுக்குப் புரிந்துவிடும்.

பகல் ஏறினால் வெயில். ராணுவம் உலகத்துக்குக் கொடுத்த பயனுள்ள பொருட்களில் ஒன்று இங்கே பிறந்தது. 1950-களில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பாரிஸ் ஐலண்ட் என்ற மரைன் பயிற்சித் தளத்தில் ரெக்ரூட்டுகள் வெப்பத் தாக்கில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். வெப்பமானியில் காட்டும் அளவு பெரிதாக இல்லாத நாளில்கூட இது நடந்தது. யாக்லூ, மினார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று காட்டினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானியின் அளவில் 10 விழுக்காடு எடுத்துக் கூட்டினால் வரும் எண்தான் உடல் படும் பாட்டைச் சரியாகச் சொல்கிறது. வியர்வை காய முடியாத ஈரப்பதம்தான் பெரிய எதிரி, அதனால்தான் முதல் அளவுக்கு அத்தனை பங்கு. இன்று விளையாட்டுப் போட்டிகளிலும் தொழிற்சாலைகளிலும் உலகம் முழுக்கப் பயன்படும் அளவு இதுவே.

பயிற்சித் தளத்தில் அந்த எண் கொடியாக மாறும். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. அமெரிக்க விதிப்படி அந்த எண் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கறுப்புக் கொடி. கடும் வேலையாக இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் வேலை, ஐம்பது நிமிடம் ஓய்வு. டிரில் சார்ஜென்ட் எவ்வளவு முரட்டு ஆளாக இருந்தாலும் கொடியோடு வாதாட முடியாது.

தண்ணீர்க் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. ஒரு காலத்தில் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் சிப்பாய் தாகம் தாங்கப் பழகுவான் என்று நம்பினார்கள். உடல் அப்படிப் பழகாது. அது வெறுமனே காய்ந்து போகும். இது உறைத்ததும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள்: குடி, குடி, இன்னும் குடி. பயிற்சியாளர் எதிரில் நின்று தண்ணீர்க் குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார், ஒரு சொட்டு விழக் கூடாது. விளைவு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கி ரெக்ரூட்டுகள் மயங்கி விழுந்தார்கள், சிலர் இறந்தே போனார்கள். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அறிகுறிகள் வெப்பத் தாக்கைப் போலவே இருப்பதால் அவர்களுக்கு இன்னும் தண்ணீர் கொடுத்த கொடுமையும் நடந்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்க ராணுவம் உச்சவரம்பு வைத்தது: மணிக்கு சுமார் 1.4 லிட்டர், நாளொன்றுக்கு சுமார் 11 லிட்டர், அதற்கு மேல் கூடாது. தண்ணீர் குடிப்பதற்குக் குறைந்தபட்சம் மட்டுமல்ல, அதிகபட்சமும் எழுதிவைக்க வேண்டிய நிலை வந்தது.

மதியத்துக்குப் பிறகான வகுப்புகளில் பெரும்பாலான ரெக்ரூட்டுகள் செய்யும் உண்மையான வேலை, கண்ணைத் திறந்துவைத்திருப்பது. தூக்கம் வருகிறவர் தானாக எழுந்து பின்னால் போய் நிற்கலாம் என்று பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

சுடும் நாள் வேறு மாதிரி. படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது முதல் ஏமாற்றம், ஏனென்றால் ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், பெரும்பகுதி நேரம் காத்திருப்பதிலேயே போகும். அமெரிக்கத் தரைப்படைத் தேர்வில் 50 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை திடீரென எழுந்து மறையும் மனித உருவ இலக்குகள் 40 வரும். 23 விழுந்தால் தேர்ச்சி, 36 அல்லது அதற்கு மேல் விழுத்தினால் உயர்ந்த தரம். சுடுவது சில நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் தோட்டா எண்ணுவது, துப்பாக்கியின் மேகசினில் நிரப்புவது, தரையில் குனிந்து காலி உறைகளைப் பொறுக்குவது. கிளம்பும்போது ஒவ்வொருவரும் பையைத் தட்டிக் காட்டி, தன்னிடம் தோட்டாவும் இல்லை, காலி உறையும் இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ரேஞ்சைத் தாண்டலாம். கணக்கில் ஒன்று குறைந்தால் எல்லோரும் மறுபடி குனிய வேண்டியதுதான்.

சரி, கத்தலும் தண்டனையும்? இந்திய முகாம்களில் ரகடா என்பார்கள். உருளச் சொல்வது, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வது போன்றவை. எல்லா நாட்டிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. எல்லையை யார் போடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விபத்துதான் பதில் சொல்லியிருக்கிறது. 1956 ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு, அதே பாரிஸ் ஐலண்டில் ஒரு பயிற்சியாளர் தன் பிளட்டூனை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிச் சதுப்பு ஓடைக்குள் நடத்திப் போனார். ஆறு ரெக்ரூட்டுகள் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் மேற்பார்வையிடுவதிலும் பெரிய மாற்றங்கள் வந்தன. 2020-இல் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சி மையம் இன்னொரு பழக்கத்தையும் கைவிட்டது: பஸ்ஸிலிருந்து இறங்கும் புதியவர்களை டிரில் சார்ஜென்டுகள் கும்பலாகச் சூழ்ந்துகொண்டு கத்தும் முதல் நாள் சடங்கு. அந்த இடத்தில் குழுவாகச் செய்துமுடிக்கும் உடல் பயிற்சிகளை வைத்தார்கள். பயிற்சி இளகிவிட்டது என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டாயத்தில் வந்து சேர்ந்தவர்களை வடிகட்டுவதற்காகத் தோன்றிய மிரட்டல், விரும்பிச் சேர்ந்தவரிடம் என்ன சாதிக்கிறது என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. கடுமையான வேலை வேண்டும்தான். அவமானம் அந்த வேலையின் ஒரு பகுதி அல்ல.

இரவு வருவதற்குள் கொஞ்சம் சொந்த நேரம் கிடைக்கும். பூட்ஸ், துணி, கடிதம். செல்போன் பூட்டிய பெட்டியில் இருக்கும். அமெரிக்க மரைன் படையில் வந்த முதல் இரவு வீட்டுக்கு ஒரு தடவை பேசலாம். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் சில வரிகளைப் படித்துவிட்டு வைத்துவிட வேண்டும். பத்திரமாக வந்து சேர்ந்தேன், சாப்பாட்டுப் பொருள் எதுவும் அனுப்ப வேண்டாம் என்கிற மாதிரி. மறுமுனையில் அம்மா என்ன கேட்டாலும் அந்த வரிகள்தான்.

படுக்கும் விதத்தில்கூட ஒரு விதி ஒளிந்திருக்கிறது. பல பயிற்சிக் கூடங்களில் ஒரு கட்டிலில் தலை இருக்கும் பக்கம் அடுத்த கட்டிலில் கால் இருக்கும். இருமலும் தும்மலும் பக்கத்து மூக்குக்குப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. எங்கெங்கோ இருந்து வந்த இளைஞர்கள் தூக்கம் குறைந்து, களைத்து, நெருக்கமாகப் படுத்தால் காய்ச்சல் காட்டுத்தீயாகப் பரவும். அடினோ வைரஸ் 4, 7 ஆகிய இரண்டு வகைகள் இந்தக் கூடங்களில் அவ்வளவு தொல்லை கொடுத்ததால், 1971 முதல் அமெரிக்க ரெக்ரூட்டுகளுக்கு அதற்கென்றே மாத்திரை வடிவத் தடுப்பூசி கொடுத்தார்கள். 1990-களில் தயாரிப்பு நின்றுபோனதும் காய்ச்சல் திரும்பி வந்தது. 2011-இல் மருந்து மறுபடி வந்ததும் அடங்கியது.

விளக்கணைத்த பிறகும் ஓரிருவர் விழித்திருப்பார்கள். இரவுக் காவல் முறை ஒவ்வொருவருக்கும் வரும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கூடத்தில் நடந்து, தலைகளை எண்ணி, துப்பாக்கிகளை எண்ணி, புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்தவரை எழுப்ப வேண்டும். அமெரிக்க விதியில் ஏழு மணி நேரத் தொடர் தூக்கத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது, சிங்கப்பூரிலும் ஏழு மணி நேர ஓய்வு விதி உண்டு. காவல் முறை வரும் இரவில் அது உடையும். இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயது உடலின் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழ விரும்புவது. அமெரிக்காவின் ஃபோர்ட் லெனர்ட் வுட் தளத்தில் ஒரு பிரிவை வழக்கப்படி இரவு 8.30 முதல் 4.30 வரையும், இன்னொரு பிரிவை இரவு 11 முதல் காலை 7 வரையும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் எட்டு மணி நேரம்தான். ஆனால் தாமதமாகப் படுத்தவர்கள் உண்மையில் கூடுதல் நேரம் தூங்கினார்கள், குறி சுடுவதிலும் அதிகம் முன்னேறினார்கள். இது தெரிந்த பிறகும் பெரும்பாலான முகாம்களில் விடியலுக்கு முன்பேதான் எழுப்புகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்ற நியாயம் ஒரு பக்கம். விடிந்து எழுகிறவன் சிப்பாயா என்ற பழைய எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டில் எது கனமானது என்பது என் சந்தேகம்.

வாரங்கள் போகப் போக அட்டவணை கொஞ்சம் தளரும். முதலில் ஒவ்வோர் அசைவுக்கும் கட்டளை வேண்டும், பிறகு ரெக்ரூட்டுகளே தங்கள் குழுவை நடத்துவார்கள். கடைசியில் ஒரு பெரிய சோதனை. மரைன் படையில் 54 மணி நேரம் நீளும் குரூசிபிள். சிங்கப்பூரில் 24 கிலோமீட்டர் அணிநடை. இந்தியாவில் இறுதித் தேர்வுகளுக்குப் பிறகு கசம் பரேட் என்ற உறுதிமொழி அணிவகுப்பு.

எல்லோரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. எலும்பு விரிசல் விட்டவர், சுடும் தேர்வில் தேறாதவர் அடுத்த அணியோடு சேர்ந்து பின்தங்கிய வாரத்திலிருந்து மறுபடி தொடங்குவார். நண்பர்கள் பரேடில் போவதை ஓரத்தில் நின்று பார்ப்பதுதான் பயிற்சியிலேயே கடினமான நாள் என்று பலர் சொல்வார்கள். எடை கூடியதாலோ நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததாலோ சேரவே முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்காக அமெரிக்கத் தரைப்படை 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் தளத்தில் ஒரு முன்பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. அங்கே அதிகபட்சம் 90 நாள் தரப்படும். உடலோ படிப்போ தேறியதும் அந்தப் பத்து வாரத்தின் முதல் நாளுக்கு அனுப்பிவைப்பார்கள்.